வரும் சீசனுக்கு மூன்று கச்சேரி: வயோலா இல்லாத குழு எதை வாசிக்கலாம்?

நாஞ்சில்_செல்லோ:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் நாங்கள் முப்பது பேருக்குள் சேர்ந்து மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கிறோம். யாருக்கும் இது தொழில் இல்லை. பேங்க் வேலையில் இருப்பவர், டீச்சர், ரப்பர் வியாபாரி, நர்சிங் படிக்கிற பிள்ளைகள் என்று கலந்துகட்டிய கூட்டம். இதுவரை கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒன்று, யாராவது கூப்பிட்டால் ஒன்று என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். 2026 அக்டோபரிலிருந்து 2027 மே வரைக்குள் ஒழுங்காக மூன்று கச்சேரி, முன்கூட்டியே நோட்டீஸ் அடித்து, நுழைவு இலவசம் என்று செய்யலாம் என இறங்கியிருக்கிறோம். இறங்கின உடனே சண்டையும் வந்துவிட்டது.

கையில் இருப்பதைச் சொல்கிறேன். வயலின் பதினான்கு, அதில் நாலைந்து பேர் கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். செல்லோ இரண்டு. டபுள் பேஸ் கிடையாது. புல்லாங்குழல் ஒன்று, கிளாரினெட் மூன்று, டிரம்பெட் இரண்டு, யூஃபோனியம் ஒன்று. கீபோர்டு வாசிக்க ஆள் கேட்டால் வாசலில் வரிசை நிற்கும். வயலினைவிடச் சற்றுப் பெரிதாய், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கிற வயோலா ஒன்றுகூட இல்லை. ஓபோ, பஸ்ஸூன், ஹார்ன் போன்ற காற்றுக் கருவிகள் எல்லாம் யூடியூபில் பார்த்ததோடு சரி.

2027 மார்ச் 26-ல் பீத்தோவன் மறைந்து 200 வருடம் ஆகிறது, அன்றைக்கே ஐந்தாம் சிம்பொனி வாசித்தே தீர வேண்டும் என்று ஒரு கோஷ்டி. டிசம்பரில் கிறிஸ்துவைப் பற்றி ஹேண்டல் எழுதிய பெரிய பாடலிசைப் படைப்பான மெசையாவை முழுசாகச் செய்வோம் என்று இன்னொரு கோஷ்டி. இரண்டையும் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இருக்கிற கருவிகளை வைத்து எதை வாசித்தால் பாதி இசை காணாமல் போகாது? நம் மாவட்டத்தில் எந்தத் தேதியில் வைத்தால் வாசிக்கவும் ஆள் இருக்கும், கேட்கவும் ஆள் இருக்கும்? நடுவில் நாலு சினிமாப் பாட்டு போட்டால் கூட்டம் வரும் என்கிற யோசனை மட்டும் வேண்டாம், அதற்கு ஊரில் நல்ல குழுக்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

மார்த்தாண்டம்_டெனர்:

மக்கா, முதலில் காலண்டரைத் திருப்புங்கள். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. அப்படியானால் உங்கள் மார்ச் 26 என்ன நாள்? பெரிய வெள்ளி! குமரி மாவட்டத்தில் அன்றைக்கு மத்தியானம் சபையை விட்டு ஒரு டிரம்பெட்காரனை வெளியே கூப்பிட்டு ஐந்தாம் சிம்பொனி வாசிக்க வைத்துவிட்டால் உங்களுக்கு நானே சிலை வைக்கிறேன். போதாததற்கு மார்ச் என்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. உங்கள் வயலின் வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

டிசம்பரும் அதே கதைதான். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடியும், அது முடிந்த கையோடு கேரல் ரவுண்ட் ஆரம்பித்துவிடும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் வீடு வீடாகப் போய்ப் பாடுகிறவனுக்கு மறுநாள் சாயங்காலம் ரிகர்சலில் தொண்டை எங்கே இருக்கும்? கன்னியாகுமரிப் பக்கம் ஐயப்ப சீசன், சுசீந்திரத்தில் மார்கழித் தேர், ரோடு நகராது. தை பிறந்தால் கல்யாண முகூர்த்தங்கள், கீபோர்டு ஆட்கள் எல்லாம் ரிசப்ஷன் மேடைக்குப் போய்விடுவார்கள். அக்டோபர், நவம்பரில் மழை. நமக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹாலில் மெதுவான பகுதி வாசிக்கும்போது வானம் பொத்துக்கொண்டால் முன்வரிசைக்குக்கூட ஒன்றும் கேட்காது.

நான் சொல்கிற தேதி 2027 ஜனவரி 23 சனிக்கிழமை. பொங்கல் கழிந்திருக்கும், தவக்காலம் தொடங்கும் பிப்ரவரி 10 சாம்பல் புதனுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. அடுத்தது மே, பள்ளி விடுமுறை. மூன்றாவதற்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

மெசையா முழுசாக என்றால் இரண்டரை மணி நேரம். முதல் பாகத்தில் கிறிஸ்து பிறப்புப் பகுதியை மட்டும் எடுங்கள். அதில் மேய்ப்பர்கள் வருவதற்கு முன்னால் பிஃபா என்று ஒரு குட்டி வாத்திய இசை உண்டு, தந்திக் கருவிகளுக்கு மட்டும், வாசிக்க எளிது. ‘அல்லேலூயா’ நம் சபைப் பாடகர்கள் பாதிப் பேருக்கு சொல்ஃபாவில், அதாவது டோ-ரே-மீ குறிப்பில், மனப்பாடம், அதைச் சேர்த்தால் ஹால் நிரம்பும். ஆனால் அது கிறிஸ்துமஸ் பாட்டு இல்லை, பாடுகளும் உயிர்ப்பும் வருகிற இரண்டாம் பாகத்தின் கடைசி. டப்ளினில் 1742-ல் முதன்முதலாக அரங்கேறியதும் ஏப்ரல் மாதத்தில், உயிர்ப்புக் காலத்தை ஒட்டித்தான். அதனால் அதை மே மாதத்துக்கு வைத்தாலும் தப்பில்லை.

ரிட்டயர்டு_பேண்ட்மேன்:

தம்பி, மிலிட்டரி பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், ஐந்தாம் சிம்பொனியை விட்டுவிடுங்கள். தைரியம் பற்றாது என்பதற்காகச் சொல்லவில்லை. முதல் பகுதியிலேயே இரண்டாவது ராகம் வருவதற்கு முன்னால் ஹார்ன் ஒரு கூவல் கொடுக்கும். பிறகு அதே கூவல் வேறு சுருதியில் திரும்பி வரும்போது பீத்தோவன் அதை பஸ்ஸூன் கையில் கொடுத்தார், அந்தக் காலத்து வால்வு இல்லாத ஹார்னில் அந்தச் சுரங்கள் சரியாக வராது என்பதால். அதாவது இருக்கிற கருவியை வைத்து அவரே சமாளித்த இடம் அது. உங்களிடம் ஹார்னும் இல்லை, பஸ்ஸூனும் இல்லை. யூஃபோனியத்தில் ஒப்பேற்றலாம், சரி. கடைசிப் பகுதியில் மூன்று டிராம்போன், பிக்கோலோ, கான்ட்ராபஸ்ஸூன் வந்து சேரும்போது என்ன செய்வீர்கள்? கீபோர்டில் பொத்தானை அமுக்குவீர்களா?

வயோலா இல்லையே என்று அழுவதைவிட வயோலாவே இல்லாமல் எழுதப்பட்டதைத் தேடுங்கள், நிறைய இருக்கிறது. வியன்னாவில் நடன இசைக்கு வயோலா வைக்கிற வழக்கமே கிடையாது. இரண்டு வயலின் வரிசை, ஒரு பேஸ், மேலே காற்றுக் கருவிகள், அவ்வளவுதான். பீத்தோவனின் பன்னிரண்டு கான்ட்ரடான்ஸ் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம். ஏழாவது நடனத்தின் ராகத்தைத்தான் பிறகு எரோய்க்கா சிம்பொனியின் கடைசிப் பகுதிக்கு எடுத்துக்கொண்டார், ஆகவே பீத்தோவன் கோஷ்டியிடம் போய் இதுவும் பீத்தோவன்தான் என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். மொஸார்ட்டின் நடனங்களும் அதே அமைப்பு.

அப்புறம் மொஸார்ட் சால்ஸ்பர்க் பேராலயத்துக்கு எழுதின சர்ச் சொனாட்டா பதினேழு. பெரும்பாலானவை இரண்டு வயலின், பேஸ், ஆர்கன் மட்டும். நிருபம் வாசித்த பிறகு, நற்செய்தி வாசிக்கும் முன்பு வாசிக்க எழுதியவை, நாலைந்து நிமிடத்துக்கு மேல் போகாது. அங்கிருந்த பேராயர் பூசை முக்கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று கறாராக இருந்தாராம். அப்படி ஒரு ஆயர் நமக்குக் கிடைக்கவில்லை. உங்கள் வாசலில் நிற்கிற கீபோர்டு வரிசையில் ஆளுக்கு ஒரு சொனாட்டா கொடுத்துவிடுங்கள், சண்டை தீரும்.

வயோலா உள்ளதைத்தான் வாசிப்போம் என்றால் உங்கள் கிளாரினெட்டில் ஒன்றை அந்த வேலைக்குப் போடுங்கள். பி ஃப்ளாட் கிளாரினெட்டின் மிகத் தாழ்ந்த சுரம் வயோலாவின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு ஒரு முழுப் படி மட்டுமே மேலே இருக்கிறது, ஆகவே ஏறக்குறைய எல்லாமே எட்டும். பார்ட்டை மட்டும் வயோலாவுக்கு எழுதுகிற ஆல்ட்டோ கிளெஃப் குறியீட்டிலிருந்து யாராவது மாற்றி எழுத வேண்டும். கணினியில் அரை மணி நேர வேலை.

சுசீந்திரம்_வயலின்:

நான் கர்நாடக வயலின். உங்கள் குழுவில் இருக்கும் அந்த நாலைந்து பேரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், மற்றவர்கள் அவர்களை மறந்துவிட்டார்கள்.

நாங்கள் ச-ப-ச-ப என்று பாடகரின் கட்டைக்குச் சுருதி சேர்த்துப் பழகியவர்கள். உங்கள் ஜி-டி-ஏ-ஈ-க்குத் தந்தியை ஏற்றினால் விரல் வைக்கிற கணக்கே மாறிவிடும். பெரும்பாலும் புதுத் தந்தி போட வேண்டியிருக்கும். உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசிப்பவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் பிடிக்கச் சொன்னால் இடது கைக்கு மேலே கீழே போகிற சுதந்திரம் போய்விடும். இதெல்லாம் பழகப் பழகச் சரியாகும். சரியாகாதது வில். எங்களுக்கு வில்லை எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பது சாகித்தியத்தையும் கையையும் பொறுத்தது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அல்ல. ஆர்கெஸ்ட்ராவில் பதினான்கு வில்லும் ஒரே பக்கம் போக வேண்டும். அதனால் ரிகர்சலுக்கு முன்னாலேயே யாராவது ஒருவர் உட்கார்ந்து எல்லாப் பார்ட்டிலும் வில் குறி போட்டுக் கொடுத்துவிடுங்கள், பென்சிலில்.

அவர்களை இரண்டாம் வயலினில் ஒளித்து வைக்காதீர்கள். ஜனவரிக் கச்சேரியை முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் இரண்டு மூன்றோடு ஆரம்பிக்கலாமே. சென்னையில் ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டு அவர் செய்தவை நாற்பதுக்கு ஒட்டி இருக்கின்றன, எல்லாமே சங்கராபரணத்தின் சுரங்களில், அதாவது உங்கள் மேஜர் ஸ்கேலில். சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் கிடையாது. எனவே சபையில் படித்தவரும் பாகவதரிடம் படித்தவரும் ஒரே நோட்டைப் பார்த்து ஒரே மாதிரி வாசிக்க முடிகிற இடம் இது ஒன்றுதான். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. ‘சியாமளே மீனாட்சி’ நம் பிள்ளைகள் நர்சரியில் பாடுகிற ட்விங்கிள் மெட்டு, அதே மெட்டை வைத்து மொஸார்ட் பியானோவுக்குப் பன்னிரண்டு வேரியேஷன், அதாவது மெட்டை மாற்றி மாற்றி வாசிக்கிற வடிவங்கள், எழுதியிருக்கிறார். முதலில் வயலின்கள் தீட்சிதரை வாசிக்க, அதன் பின்னாலேயே உங்கள் கீபோர்டு ஆட்களில் விரல் ஓடுகிற ஒருவர் மொஸார்ட்டில் நாலைந்து வேரியேஷன் வாசிக்கட்டும். விளக்கம் சொல்ல மைக்கே வேண்டாம், கேட்பவர்களுக்குத் தானே புரியும். தீட்சிதரின் தம்பி பாலுசாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றதால்தான் இன்றைக்கு எங்கள் கையில் இந்தக் கருவி இருக்கிறது என்பதையும் நோட்டீஸில் ஒரு வரி போடுங்கள்.

இரணியல்_ரசிகன்:

வாசிக்கத் தெரியாது, கேட்க மட்டும் வருவேன். ஒரே ஒரு விண்ணப்பம். எந்த இடத்தில் கை தட்ட வேண்டும், எந்த இடத்தில் சும்மா இருக்க வேண்டும் என்பதை நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள் அண்ணாச்சி. நடுவில் தட்டிவிட்டு நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அடுத்த தடவை எவனும் வர மாட்டான்.

தக்கலை_கீபோர்டு:

மார்த்தாண்டம் அண்ணன் மூன்றாவது கச்சேரிக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டார். இருக்கிறது. அவர் வேண்டாம் என்று தள்ளின அதே மார்ச் 26.

ஹைடன், ‘சிலுவையில் மீட்பரின் ஏழு கடைசி வார்த்தைகள்’. ஸ்பெயினில் காதிஸ் என்கிற துறைமுக ஊரிலிருந்து கேட்டு எழுத வைத்தது, 1786-87 வாக்கில். அங்கே பெரிய வெள்ளி சடங்கைப் பற்றி ஹைடனே பிற்பாடு எழுதியிருக்கிறார். சுவர், ஜன்னல், தூண் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடி, நடுவில் ஒரு பெரிய விளக்கு மட்டும் தொங்க, மத்தியானம் கதவைச் சாத்துவார்கள். ஆயர் முதல் வார்த்தையைச் சொல்லி அதன் மேல் பேசுவார், பிறகு இறங்கி வந்து பீடத்தின் முன் முழங்காலிடுவார், அந்த இடைவெளியை இசை நிரப்பும். மறுபடி ஏறி இரண்டாவது வார்த்தை. இப்படி ஏழும். இதைப் படித்தபோது நம் சபைகளில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கிற மும்மணி ஆராதனைதானே இது என்று தோன்றியது. ஏழு வார்த்தைக்கு ஏழு பிரசங்கம், நடுவில் பாமாலைப் பாட்டு. அந்தப் பாட்டு இருக்கிற இடத்தில் ஹைடனின் ஒரு பகுதி. சபையே அங்கே உட்கார்ந்திருக்கிறது, தனியாக ஆள் சேர்க்க வேண்டாம், ஹால் வாடகையும் மிச்சம்.

ஆர்கெஸ்ட்ரா வடிவத்துக்கு நாலு ஹார்ன் வரை கேட்பார், அது நமக்கு ஆகாது. அவரே 1787-ல் நாலு தந்திக் கருவிக்கு மாற்றி எழுதிய வடிவம் இருக்கிறது, அதை எடுங்கள். வயோலா வரிக்குப் பெரியவர் சொன்ன கிளாரினெட், அல்லது திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வயோலாவை அன்றைக்கு மட்டும் வரவழைக்கலாம். ஏழும் மெதுவான நடைதான், வேகத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மெதுவாகச் சுருதி சுத்தமாக வாசிப்பது இருக்கிறதே, அது தனிப் பயம். ‘தாகமாயிருக்கிறேன்’ என்ற வார்த்தைக்கு வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டுகிற பிட்ஸிகாட்டோவில் ஆரம்பிக்கிறார், கேட்டுப் பாருங்கள், நாக்கு வறளும். ஏழும் முடிந்ததும் நிலநடுக்கம், முழு வேகம், முழுச் சத்தம். பத்து நிமிட மெது நடை ஏழை அடுத்தடுத்து வைத்துக் கேட்பவர்களைக் களைப்படைய விடாமல் எழுதுவது சுலபமாக இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பீத்தோவன் கோஷ்டிக்கு என்ன சொல்வீர்கள் என்றால், 1792-ல் பீத்தோவன் வியன்னாவுக்குப் போனதே ஹைடனிடம் படிக்கத்தான். இரு நூற்றாண்டு நாளில் குருவின் இசை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கோட்டாறு_கிளாரினெட்:

நல்ல யோசனைதான் அக்கா, ஆனால் எங்களுக்கு ஒரு சிக்கல். கத்தோலிக்கக் கோவில்களில் பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ பாடி முடித்ததோடு வாத்தியங்களை நிறுத்திவிடுவார்கள். ஈஸ்டர் இரவில் மறுபடி ‘உன்னதங்களிலே’ வரும்வரை பாட்டுக்குத் துணையாக வேண்டுமானால் வைக்கலாம், வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்க முடியாது. காதிஸில் நடந்தது திருவழிபாட்டுக்கு வெளியே வைத்த தனி பக்தி முயற்சி. ஆகவே உங்கள் மும்மணி ஆராதனை சி.எஸ்.ஐ. சபையில் என்றால் நடக்கும், எங்கள் பங்கில் கேட்டால் சாமியார் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்வார். நானும் வர முடியாது, எங்களுக்கு மூன்று மணிக்குச் சிலுவைப்பாதையும் வழிபாடும்.

ஒன்றில் மட்டும் லாபம். தவக்காலத்தில் எங்கள் கோவில்களில் கல்யாணம் பெரும்பாலும் இல்லாததால் பேண்ட் செட்டு ஆட்கள் எல்லாம் சும்மாதான் இருப்போம். பிப்ரவரி 10-க்குப் பிறகு மே கச்சேரிக்கு எத்தனை ரிகர்சல் வேண்டுமானாலும் வையுங்கள், மூன்று கிளாரினெட்டும் யூஃபோனியமும் தவறாமல் வரும். மே மாதம் அல்லேலூயா செய்தால் டிரம்பெட்காரர்களுக்கு இப்போதே பார்ட்டைக் கொடுத்துவிடுங்கள். டி மேஜர் பாட்டு பி ஃப்ளாட் டிரம்பெட்டுக்கு ஈ மேஜராக வரும், நாலு ஷார்ப்பு, மேலே ஏறுகிற இடங்களும் உண்டு. உதடு பழக மாதக்கணக்கில் ஆகும்.

நாஞ்சில்_செல்லோ:

அப்பாடா, எங்கள் வாட்ஸாப் குரூப்பில் ஒரு மாதம் பேசித் தீராதது இங்கே தீர்ந்தது.

நேற்று ராத்திரி கமிட்டியில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஜனவரி 23-க்குத் தீட்சிதர் நோட்டுஸ்வரம் மூன்று, மொஸார்ட் வேரியேஷன், சர்ச் சொனாட்டா நாலு, பீத்தோவன் கான்ட்ரடான்ஸ் ஆறு என்று பேசி முடித்தாயிற்று, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். ஏழாவது நடனம் முடிந்ததும் எரோய்க்கா பற்றி இரண்டு நிமிடம் பேசப் பீத்தோவன் கோஷ்டித் தலைவருக்கே மைக் கொடுப்பதாகச் சொன்னோம், மனிதர் அடங்கிவிட்டார். மே மாதம் சபைப் பாடகர்களோடு மெசையாவின் முதல் பாகத்திலிருந்து சில, கடைசியில் அல்லேலூயா. மார்த்தாண்டம் அண்ணன் டெனர் வரிசைக்கு ஆள் கொண்டுவர வேண்டும், தப்பிக்க முடியாது.

பெரிய வெள்ளிக்கு ஹைடன் பற்றி ஒரு சபையில் பேசிப் பார்க்கிறோம். ஏழு பிரசங்கத்தோடு ஏழு இசையும் என்றால் மூன்று மணிக்குள் முடியுமா என்பதுதான் போதகரின் முதல் கேள்வியாக இருக்கும். பகுதி ஒன்றுக்குச் சராசரியாக எட்டு நிமிடம் வைத்தாலும் இசைக்கே ஒரு மணி நேரம் போய்விடும், மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரத்தில் பிரசங்கத்தைச் சுருக்கும்படி கேட்க யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை. தக்கலை அக்காவைத்தான் அனுப்பலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நோட்ஸ் எல்லாம் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்கிற இணைய இசைக்குறிப்புத் தளத்திலேயே கிடைக்கிறது, பழைய பதிப்புகள், காப்புரிமைத் தொல்லை இல்லை. அச்சடிக்கிற செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டார். கை தட்டும் இடம் நோட்டீஸில் கட்டாயம் வரும் இரணியல் அண்ணாச்சி.

ரிட்டயர்டு_பேண்ட்மேன்:

சந்தோஷம் தம்பி. ரிகர்சலுக்கு எல்லாரையும் ஆளுக்கு நாலு துணி கிளிப் கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபேனை நிறுத்தினால் வியர்வையில் வில் வழுக்கும், போட்டால் நோட்ஸ் பறக்கும். செல்லோ இரண்டையும் மழைக்காலத்தில் சுவரில் சாய்த்து வைக்காமல் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஈரத்தில் ஓரத்து ஒட்டு விட்டுவிட்டால் ஜனவரி 23-க்குள் சரிசெய்ய இங்கே ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். வில் குறி போடுகிற வேலைக்கு ஆள் இல்லையென்றால் பார்ட்டுகளை எனக்கு அனுப்புங்கள், அந்தச் சுசீந்திரம் அம்மாவும் நானும் சேர்ந்து முடித்துவிடுகிறோம்.

சுசீந்திரம்_வயலின்:

நான் எப்போது சம்மதித்தேன் சார்? சரி, அனுப்புங்கள். கான்ட்ரடான்ஸ் மட்டும் முதலில்.